ஒட்டிவைத்த பக்கங்கள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே குளிர் எப்படி, உன் இடுப்பு வலி எப்படி, அந்த முதியோர் இல்லத்துப் பெரியவர்களைத் தூக்கி உட்கார வைக்கும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கித் தூக்குகிறாயா, இதெல்லாம் தெரிந்தால் போதும் எனக்கு. கடிதத்தைப் பார்த்ததும் உனக்கு நெஞ்சு திக்கென்று இருந்திருக்கும். யாருக்கும் ஒன்றுமில்லை, பயப்படாதே. வாரம் தவறாமல் ஃபோனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் எதற்கு மெனக்கெட்டுத் தாளும் பேனாவும் எடுத்தான் என்றால், நாம் பேசும்போதெல்லாம் உன் குட்டி பக்கத்திலேயே இருக்கிறாள், நம் வீட்டில் ஒரு மூலையில் தும்மினால் மறு மூலையில் கேட்கும், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேச முடியவில்லை. இது அவளைப் பற்றிய விஷயம். நீ அவளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அதனால் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் படிக்காமல், உட்கார்ந்து முழுதும் படி.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். பஸ் நிலையத்தில் உன் அம்மாவின் டிக்கெட் கவுண்டரை இடம் மாற்றிவிட்டார்கள், இப்போது விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறாள், காற்றில் டிக்கெட் எல்லாம் பறக்கிறது என்று தினமும் ஒரு பாட்டம் புலம்பல். நாள் முழுக்க எந்த பஸ் எங்கே நிற்கும், எப்போது வரும், ஏன் வரவில்லை என்று ஊரே அவளிடம் கேட்கிறது, வீட்டுக்கு வந்ததும் யார் எது கேட்டாலும் கவுண்டர் மூடியாச்சு என்று சொல்லிக் காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறாள். அந்தப் பழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. மாடி வீட்டுத் தையல்காரம்மா குட்டிக்கு ஒரு பை தைத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் சட்டைகள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. எடுத்துவைக்க வேண்டும் என்று உன் அம்மா சொல்கிறாள், எடுத்துவை என்று நான் சொல்கிறேன், யாரும் எடுப்பதில்லை. அவர் கண்ணை மூடியதிலிருந்து எனக்குள் ஏதோ மரத்துப்போய்விட்டது அம்மா, உன்னிடம் சொல்வதற்கென்ன. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி, தொட்டால் தொடுவது தெரிகிறது, வலி தெரியவில்லை. காலையில் எழுந்திருக்கிறேன், நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டப் பசை காய்ச்சுகிறேன், சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். நீ கிளம்பிய அன்றும் அப்படித்தான். எல்லோரும் அழுதார்கள், நான் உன் பெட்டியின் சக்கரம் ஒன்று சரியாகச் சுழலவில்லையே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குட்டி சமர்த்தாக இருக்கிறாள். இதைப் படித்ததும் உனக்குச் சந்தோஷமாக இருக்கும், எங்களுக்கும் இருந்தது. வைத்ததைச் சாப்பிடுகிறாள், படுக்கச் சொன்னால் படுக்கிறாள். இந்த வகுப்பிலேயே தொந்தரவு இல்லாத பிள்ளை இவள்தான் என்று டீச்சர் சொன்னார். தையல்காரம்மா தன் பேரன்களைத் திட்டும்போது கீழ் வீட்டுப் பிள்ளையைப் பாருங்கடா என்று இவளைக் காட்டுகிறார். ஆனால் இவளுக்கு நீயும் மாப்பிள்ளையும் வைத்த செல்லப் பெயர் என்ன என்று நினைத்துப் பார். ஏன்குட்டி. தண்ணீர் ஏன் ஈரமாக இருக்கிறது, தாத்தாவுக்கு ஏன் காதில் முடி, சாமான் விற்கிறவர் ஏன் பாட்டு மாதிரிக் கத்துகிறார் என்று நாள் முழுக்க ஓயாமல் கேட்டு உயிரை வாங்கியவள். அவளை அந்தப் பெயர் சொல்லி நாங்கள் கூப்பிட்டே பல மாதம் ஆகிவிட்டது, கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லை என்பதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை. நீ அனுப்பிய பார்சல் வந்தபோதுதான் எனக்கு லேசாக உறுத்தியது. பார்சல் மேஜையில் இருந்தது, அவள் பெயர் போட்டிருந்தது, அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அதைச் சுற்றிக்கொண்டு போய் வந்தாள், தொடவில்லை, உள்ளே என்ன என்று கேட்கவும் இல்லை. கடைசியில் உன் அம்மாதான் கத்தரிக்கோலை எடுத்து வெட்டினாள். கலர் பென்சிலைக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் என்றாள், ஏதோ ஆபீசில் சொல்கிற மாதிரி.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராக நூலகத்துக்கு வந்துவிடுகிறாள். என் பழுதுபார்க்கும் அறை இப்போது குழந்தைகள் பிரிவுக்குப் பின்னாலேயே இருக்கிறது, கதவைத் திறந்தால் அவர்கள் படிக்கிற தாழ்வான மேஜைகள் தெரியும். ஜன்னலோரம் என் பலகை, பலகை மேல் பிரஷ்கள், தையல் நூல், புத்தகங்களை அழுத்தி வைக்கிற கனமான இரும்புக் கட்டைகள், ஓரமாகப் பசை வாளி. பசையில் பூச்சி வராமல் இருக்க இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடுவேன், அதனால் அறையே பல் டாக்டர் வீடு மாதிரி மணக்கும். அவள் வந்து வெட்டிப்போட்ட அட்டைத் துண்டுகளை அடுக்குவாள், வீட்டுப் பாடம் எழுதுவாள், அலமாரியில் இருந்து கதைப் புத்தகம் எடுத்துவந்து படிப்பாள். நானும் என் வேலையைப் பார்ப்பேன். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். அந்த அமைதி எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

அந்தக் கதைப் புத்தகங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சொன்னால்தான் மற்றது புரியும். என்னிடம் பழுதுக்கு வருவதில் பாதிக்கு மேல் இளவரசி, பூதம், மாய மாளிகை என்று குழந்தைகள் கதைதான், அவற்றில் பாதி ஒரே கதைதான். ஒரு பெண் இருப்பாள், அவளிடம் ஒருத்தர் வந்து வீடு முழுக்க உன்னுடையது, மாடிக் கதவை மட்டும் திறக்காதே என்பார். இன்னொன்றில் பாடுகிற ஜாடி, மூடியைத் தூக்காதே. இன்னொன்றில் கிணறு, எட்டிப் பார்க்காதே. அவள் திறப்பாள், தூக்குவாள், எட்டிப் பார்ப்பாள், உடனே எல்லாம் போய்விடும். மாளிகை போய்விடும், கூட இருந்தவர் பறவையாகிப் பறந்துவிடுவார், அவள் அழுதுகொண்டு காட்டில் நடப்பாள். கடைசிப் பக்கத்தில் பூப்போட்ட கட்டம் கட்டி நீதி போட்டிருப்பார்கள், வேண்டாததைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் இருப்பதும் போகும் என்று. திறக்காதே என்று சொல்கிற ஆள்தான் எல்லாக் கதையிலும் சாவியையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார், அவரை ஒரு புத்தகமும் கண்டித்து நான் பார்த்ததில்லை. அதே வேலையைப் பையன் செய்தால் கதை வேறு. அவன் எட்டிப் பார்த்தால் புதையல் கிடைக்கும், பூதம் அவனுக்கு வேலைக்காரனாகும், நீதிக் கட்டத்தில் துணிச்சல் என்று போட்டிருக்கும். இவள் பார்த்தால் சாபம். இதையெல்லாம் நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, கிழிசலை ஒட்டும்போது கண்ணில் படுவதுதான். இன்னொன்றும் கண்ணில் படும். புத்தகம் எப்போதும் ஒரே இடத்தில்தான் கிழிந்திருக்கும். கதவு திறக்கிற பக்கத்தில். அந்தத் தாளின் மூலை எல்லாம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, துணி மாதிரி மெத்தென்று ஆகியிருக்கும், அந்த இடத்தில் தையலே விட்டுப்போயிருக்கும். நீதி போட்ட பக்கம் அச்சகத்தில் இருந்து வந்த மேனிக்கு வெள்ளையாக இருக்கும். அதை இதுவரை நான் ஒட்ட வேண்டி வந்ததே இல்லை.

போன மாதம் குழந்தைகள் பிரிவு நூலகர் ஒரு புத்தகத்தோடு வந்தார். நடுவில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஏதாவது சிந்தியிருக்கும் போல, பிரித்துக் கொடுங்கள் என்றார். அது அந்த மாடிக் கதவுக் கதை. மறுநாள் இன்னொன்று, பிறகு ஒரே சமயத்தில் மூன்று நான்கு. ஒவ்வொன்றிலும் பெண் கதவுக்கு முன்னால் நிற்பாள், பக்கத்தைத் திருப்பினால் நேராகச் சுபம். நடுவில் இருப்பது ஒட்டிக்கிடக்கும். கடைநிலை ஊழியருக்கு ஒரே உற்சாகம், மேஜைக்கு ஓர் ஆளை உட்காரவைத்துப் பிடித்துவிடலாம் என்றார், தினமும் வருகிற ஒரு வாயாடிப் பையன் மேல் அவருக்குச் சந்தேகம். நான் புத்தகத்தை மூக்கருகில் கொண்டுபோனேன், கிராம்பு வாசனை. ஓரம் ஓரத்தோடு மயிரிழை பிசகாமல் சேர்த்து, பசையை மெல்லிசாகத் தடவி, சுருக்கம் விழாமல் அழுத்தி வைத்த வேலை. நான் செய்கிற மாதிரியே நடுவில் இருந்து ஓரத்துக்குத் தடவியிருந்தது. ஒட்டிய விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, புதிதாக வந்த உதவியாளருக்கு இன்னும் இந்தப் பக்குவம் வரவில்லை. சிந்தியதுதான், காய்ந்துவிட்டது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இரண்டு பேரிடமும் சொல்லி அனுப்பினேன். கோபம் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. குட்டி எப்போது செய்திருப்பாள் என்று மட்டும் யோசித்தேன். நான் டீ குடிக்கப் போகிற நேரத்தில் இருக்கும்.

உன் அம்மாவிடம் சொன்னேன். அரசாங்கச் சொத்தாயிற்றே, உங்கள் வேலைக்கு ஏதாவது வந்துவிடப் போகிறது, நான் அவளைக் கேட்கிறேன் என்று கிளம்பினாள். நீ கேட்டால் பயணிகளைக் கேட்கிற மாதிரி இருக்கும், விடு, நான் பார்க்கிறேன் என்றேன். மறுநாள் குட்டி பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அந்தப் புத்தகங்கள் எல்லாம் என் பலகையில் இருந்தன, கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பார்த்தாள். ஓடவில்லை, அழவில்லை. பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மாவுப் பசைக்கு ஆவி காட்டினால் இளகிவிடும், முனை மழுங்கிய தகட்டை உள்ளே விட்டு மெதுவாக நகர்த்தினால் தாள் கிழியாமல் பிரியும். ஒன்றைப் பிரித்தேன், எட்டிப் பார்க்கிற இளவரசி வந்தாள். இன்னொன்றைப் பிரித்தேன். மாடிக் கதவுப் புத்தகத்தை எடுத்தபோதுதான் என் கை மேல் கை வைத்தாள். "அத மட்டும் திறக்காதீங்க தாத்தா" என்றாள். சரி என்று கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று நான்தான் கேட்டேன். அந்த வார்த்தையை நான் அவளிடம் கேட்க வேண்டிய நிலைமை. "திறந்தா அவங்க போயிடுவாங்க" என்றாள். கதையில்தானே என்றேன். பிரித்த பக்கத்தின் ஓரத்தை விரலால் நீவினாள். பிறகு சொன்னாள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"அம்மா பெட்டியத் தொடக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் திறந்து பாத்துட்டேன். உள்ள என் மஞ்சள் கவுன் இருந்துச்சு. என்னையும் கூட்டிட்டுப் போறாங்க, சொல்லாம வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். நான் பாத்ததாலதான் கூட்டிட்டுப் போகல."

அவ்வளவுதான். அழாமல்தான் சொன்னாள், நேற்று மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி. யோசித்துப் பார்த்தால் அவள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. திறக்காதே என்று ஒருத்தர் சொன்னார், இவள் திறந்தாள், உள்ளே ஆசைப்பட்டது இருந்தது, உடனே எல்லாம் போய்விட்டது. கதைகள் சொன்ன மாதிரியே நடந்திருக்கிறது, பூப்போட்ட கட்டத்தில் அவளுக்கென்றே நீதியும் போட்டிருக்கிறது. கூட்டிப்போவதாக இருந்து, இவள் பார்த்துவிட்டதால் நீ மனசை மாற்றிக்கொண்டாய் என்று இத்தனை மாதமாக அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் அதன் பிறகு எதையும் திறக்கவில்லை, கேட்கவில்லை, பார்சலைச் சுற்றிக்கொண்டு போனாள். நாம் சமர்த்து என்று மெச்சியது இதைத்தான். மற்ற பிள்ளைகளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று பக்கங்களை ஒட்டியிருக்கிறாள். அவள் ஒட்டிய புத்தகங்களில் ஒரு பெண்ணும் அழவில்லை, ஒரு பெண்ணும் எதையும் பார்க்கவும் இல்லை, கதவுக்கு முன்னால் நின்றபடியே சுபம் ஆகிவிடுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லடா, அதுக்காக இல்ல என்று நான் சொன்னேன். தலையாட்டினாள். பஸ் ரத்து என்று உன் அம்மா சொன்னால் கவுண்டருக்கு வெளியே நிற்பவர்கள் ஆட்டுவார்களே, அந்தத் தலையாட்டல். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. கெட்டிலை அணைத்தேன், புத்தகங்களுக்கு நடுவே மெழுகுத் தாள் வைத்து இரும்புக் கட்டையை ஏற்றினேன், அவள் கையைக் கழுவிவிட்டேன்.

வீட்டில் உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நீ போன மறுநாள் குட்டி அவளிடம் வந்து, அம்மா ஏன் என்னைக் கூட்டிப் போகவில்லை என்று ஒரு தடவை கேட்டாளாம். இவள் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்த நேரம், கவுண்டர் மூடியாச்சு என்று சொல்லிவிட்டாளாம். அதுதான் அந்தப் பிள்ளை கேட்ட கடைசிக் கேள்வி என்று நினைக்கிறேன். நான் சொன்ன மறுநாளில் இருந்து உன் அம்மா வேலைவிட்டு வந்ததும் காலை நீட்டுவதில்லை. முகம் கழுவிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, குட்டிக்கு எதிரே உட்கார்ந்து, "கவுண்டர் திறந்திருக்கு, கேளு" என்கிறாள். குட்டி ஒன்றும் கேட்பதில்லை. இவளும் விடுவதில்லை, அரை மணி அப்படியே உட்கார்ந்திருக்கிறாள், ஆளே வராத ராத்திரி ஷிப்ட் மாதிரி. எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம்தான். நான் போய்க் குழாயைப் பார்க்கிறேன்.

அந்த மஞ்சள் கவுனை நீ எதற்கு எடுத்துப் போனாய் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். இதுகூடவா தெரியாது, முகர்ந்து பார்க்கத்தான், வேறெதற்கு, துவைக்காத கவுனாகத்தான் எடுத்துப் போயிருப்பாள் என்றாள். மாப்பிள்ளையின் சட்டைகளைத் தான் ஏன் எடுத்துவைக்கவில்லை என்று நினைக்கிறீர்கள் என்றும் கேட்டாள். எனக்கு இந்த இரண்டுமே தோன்றியிருக்கவில்லை. உண்மையா என்று நீதான் சொல்ல வேண்டும், எங்களிடம் சொல்ல வேண்டாம், அவளிடம் சொல். நாங்கள் சொன்னால் அது சமாதானம், நீ சொன்னால்தான் அது பதில். பெட்டியைத் திறந்து பார்த்தது எனக்குத் தெரியும் என்று முதலில் சொல். அவள் திறப்பதற்கு முன்னாலேயே உனக்கு மட்டும்தான் டிக்கெட் எடுத்திருந்தது என்று சொல். பிள்ளைகளைக் கூட்டிவர அந்த இல்லத்தில் இடம் தருவதில்லை என்பதையும், எப்போது வருவாய் என்று உனக்கே நிச்சயமாகத் தெரியாது என்றால் அதையும், உள்ளபடி சொல். சின்னப் பிள்ளைதானே என்று கதை கட்டாதே, கதை அவளிடம் நிறைய இருக்கிறது. அவள் அப்பாவைப் பற்றியும் ஒருநாள் கேட்பாள். ஆஸ்பத்திரியில் அந்த அறைக்கு வெளியே அவளை நிறுத்தி, உள்ளே வராதே என்று எல்லோரும் சொன்னோம், அதன் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் அவளிடம் ஒரு கணக்கு இருக்கும். இப்போது வேண்டாம், இது ஒன்று முடியட்டும்.

இன்னொன்று, சொன்னால் வருத்தப்படாதே, உன்னைக் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை ஃபோனை வைக்கும்போதும் நல்ல பிள்ளையா இரு, அம்மா சீக்கிரம் வந்துடுவேன் என்று சொல்கிறாயே, அதை விட்டுவிடு. எல்லா அம்மாக்களும் சொல்வதுதான், உன் அம்மாவும் உனக்குச் சொன்னதுதான். ஆனால் இவள் அதைச் சாவியைக் கொடுத்துவிட்டுத் திறக்காதே என்று சொன்ன மாதிரி எடுத்துக்கொள்கிறாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் நீ வந்துவிடுவாய் என்று நம்பி இருந்துகொண்டிருக்கிறாள். சாப்பிட்டியா என்று கேள், சண்டை போட்டியா என்று கேள், எதை உடைத்தாய் என்று கேள். அந்த மாடிக் கதவுப் புத்தகத்தை நான் பிரிக்கவில்லை, என் பலகையின் கீழ் அறையில் இருக்கிறது. பழுது கொஞ்சம் பெரிது, நாளாகும் என்று நூலகரிடம் சொல்லியிருக்கிறேன். நீ பேசிய பிறகு அவளாக எடுத்துக் கொடுத்தால் கெட்டிலைப் போடுவேன். கொடுக்காவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். காதை மூடிக்கொண்டு வெளியே போ, குளிர் காது வழியாகத்தான் ஏறும். அந்த மஞ்சள் கவுனைத் துவைத்துவிடாதே. நீ போன இடத்தில் நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கையால் குளிப்பாட்டிவிடுகிற அந்தப் பெரியவர்களின் வாழ்த்து உனக்கு வந்து சேர வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இத்தோடு முடித்துக் கையெழுத்துப் போடலாம் என்றுதான் இருந்தேன், இன்னும் இரண்டு வரி சேர்க்கிறேன். மதியம் எழுத உட்கார்ந்தது, பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகிவிட்டது. உறையில் உன் விலாசம் எழுதி வைத்துவிட்டு, கை வழக்கப்படி வாளியில் பிரஷ்ஷைத் தோய்த்துக்கொண்டு நிமிர்ந்தால் குட்டி பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. உறையைப் பார்த்தாள், பிரஷ்ஷைப் பார்த்தாள், விலாசத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நீங்க ஒட்டிட்டா அம்மா எப்படித் திறப்பாங்க?" என்றாள்.

கேள்விதான் அம்மா. கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கிழித்துத்தான் திறப்பாள் என்றேன். கிழித்தால் பரவாயில்லையா என்று கண்ணாலேயே கேட்டாள். உறை அதற்குத்தான் என்றேன். அவள் நம்பவில்லை, நீ சொன்னால் நம்புவாளோ என்னவோ. பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தேன், இந்த உறையை அவள்தான் ஒட்டப் போகிறாள், நடுவில் இருந்து ஓரத்துக்கு, சுருக்கம் விழாமல். நீ ஆவி காட்டிப் பிரிக்காதே, கத்திரியால் ஓரத்தை நறுக்காதே. நன்றாகத் தாறுமாறாகக் கிழித்தே திற. பிறகு ஃபோனில் அவளைக் கூப்பிட்டு, வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால், கிழிந்த உறையைத் தூக்கி அவளுக்குக் காட்டு.

என்றும் உன் நலத்தையே எண்ணும்,
அப்பா